ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை லிட்டர்

சித்திரை வெயிலில் தம்பி மகன் ஊருக்கு வந்திருந்தான். சென்னைப் பக்கம் சிறுசேரியில் ஒரு டேட்டா சென்டரில் ஷிஃப்ட் வேலை. இணையத்துக்கான பெரிய கம்ப்யூட்டர்களை, அதாவது சர்வர்களை, அடுக்கி வைத்து ஓட்டுகிற கட்டடம் அது. மத்தியானம் சாப்பிட்டதும் வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தவன், "அத்தை, எங்க கட்டடத்துல கோடிக்கணக்குல செலவு பண்றது இந்தக் குளிர்ச்சிக்குத்தான்" என்றான்.

நான் பள்ளியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தினவள். அவன் தூங்கிவிட்டான், நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன்.

சர்வர் தின்கிற மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதை விரட்டப் பரவலான ஒரு முறை, நம் வீட்டு மண்பானை செய்கிற அதே வேலை: தண்ணீரை ஆவியாக்குவது. ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். ஆக, யூனிட்டுக்கு ஒன்றரை லிட்டர். ஒரே ஒரு மெகாவாட் சர்வர் நாள் முழுக்க ஓடினால் 24,000 யூனிட். அந்த வெப்பம் முழுவதையும் இப்படியே விரட்டினால் 36,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் மூன்று லோடு. இப்போது கட்டுகிற பெரிய சென்டர்களோ பத்து இருபது மெகாவாட்டுக்கு மேல் போகின்றன.

எல்லாக் கட்டடமும் தண்ணீரை ஆவியாக்குவதில்லை. காற்றை வைத்தே குளிரவைக்கிற சென்டர்களும் உண்டு. அங்கே தண்ணீர் மிச்சம், கரண்ட் கூடுதல். அந்தக் கரண்டில் பெரும்பங்கு இந்த நாட்டில் இன்னும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. அனல்மின் நிலையத்துக்கும் தண்ணீர் வேண்டும். ஒன்றை மிச்சம் பிடித்தால் இன்னொன்றில் கை வைக்க வேண்டியிருக்கிறது. "நாங்க தண்ணியே தொடுறதில்ல" என்று ஒரு நிறுவனம் சொன்னால், உடனே கரண்ட் கணக்கையும் கேட்க வேண்டும்.

2024இல் உலக டேட்டா சென்டர்கள் சுமார் 41,500 கோடி யூனிட் செலவழித்தன என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030இல் இது இரண்டு மடங்குக்கு மேல் போய் 94,500 கோடியைத் தொடலாம் என்கிறது. ஒன்றரை சதவீதம்தானே என்று நினைக்கலாம். ஆனால் இவை உலகம் முழுக்கப் பரவி நிற்பதில்லை, ஒரே இடத்தில் குவிகின்றன. அயர்லாந்தில் 2023இல் மொத்த மின்நுகர்வில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது. தொழில் ஒரே இடத்தில் குவிந்தால் தண்ணீருக்கும் இதே கதைதான்: தைவானில் 2021 வறட்சியில் கம்ப்யூட்டர் சிப் செய்கிற ஆலைகளுக்குத் தண்ணீர் ஓடியது, நெல் வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தினார்கள். 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் இல்லாமல் ஐடி கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நமக்கு மறந்திருக்காது.

நான் தொழில் வேண்டாம் என்கிற ஆள் இல்லை. காரைக்குடிக்காரி அப்படிச் சொல்லவும் முடியாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1953இல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இங்கே திறந்தது. அங்கே பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. பகலில் கமுதிப் பக்கம் விளைகிற சூரிய மின்சாரத்தை ராத்திரிக்குச் சேமிக்காமல், 24 மணி நேரமும் ஓடுகிற சர்வரைப் பசுமை என்று சொல்ல முடியாது. அதற்கான வேலையில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

என் கோரிக்கை ஊருணியிலிருந்து, ஊர் மழைத்தண்ணீரைச் சேர்த்து வைக்கிற குளத்திலிருந்து, வருகிறது. எங்கள் செட்டிநாடு ஆறில்லாத சீமை. நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவு வாசலில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், விழும். அண்டா வைத்துப் பிடித்தது போக மிச்சம் ஊருணிக்குப் போகும். குடிக்கிற ஊருணியில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. மாட்டுக்கு வேறு குளம். என் அப்பத்தா காலத்தில் கால் நனைத்தவனைக்கூட விடமாட்டார்கள். எந்தத் தண்ணீர் எதற்கு என்று பிரித்து வைத்ததால்தான் இந்த வறண்ட மண்ணில் இத்தனை ஊர்கள் நின்றன.

டேட்டா சென்டருக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும். குடிநீரையும் நிலத்தடி நீரையும் தொடக்கூடாது. சுத்திகரித்த கழிவுநீரைத்தான் தர வேண்டும். நடக்காத காரியம் இல்லை: கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க 2019இலேயே ஆலைகள் வந்துவிட்டன. அடுத்தது, நிலமும் சலுகையும் வாங்குகிற ஒவ்வொரு கட்டடமும் மாதம் எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் என்று வெளியிட வேண்டும். ஊருணியில் எத்தனை படி முங்கியிருக்கிறது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தம்பி மகனிடம் அவன் கட்டடத்துக் கணக்கைக் கேட்டேன். "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது அத்தை" என்றான். அவனைக் குறை சொல்லவில்லை, அவன் வேலை அது. சொல்லவைக்க வேண்டியது அரசு.

சிறுசேரி, அம்பத்தூர்ப் பக்கம் இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கட்டடம் லாரித் தண்ணீரில் குளிர்கிறதா, கழிவுநீரிலா, காற்றிலா என்று மட்டும் எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.