கண்மாய்க் குளியலும் காற்று வளையமும்
காற்று வளையம் மாட்டிவிட்டால் பிள்ளைகளைக் கண்மாயில் தைரியமாக விடலாம், பெரியவர்கள் கரையில் இருந்தாலே போதும் என்று மேலே ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனால் சரியல்ல. அது விளையாட்டுப் பொருள், உயிர்காக்கும் மிதவை இல்லை. வீட்டில் வளையம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்: காற்று ஊதும் வாய்க்குப் பக்கத்திலோ அட்டையிலோ, மூழ்குவதிலிருந்து காக்காது, பெரியவர் கண்காணிப்பு தேவை என்கிற மாதிரி பொடி எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். வளையம் கவிழ்ந்தால் பிள்ளையின் தலை தண்ணீருக்குள் போய்விடும். சின்னப் பிள்ளை என்றால் நழுவியும் விடும். செட்டிநாட்டுக் கண்மாய்களில் வண்டல் அள்ளிய குழிகள் வேறு. கலங்கல் தண்ணீரில் தெரியவே தெரியாது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த எட்டிலேயே ஆள் ஆழம் இருக்கலாம். வளையம் போட்டாலும், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்கட்டும், அண்ணே.