பிளேசர் மட்டும்தானா?

"உயர் ஆற்றல் நியூட்ரினோ எல்லாமே பிளேசர்களில் இருந்துதான் வருகிறது, 2017லேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி, பாதி அவசரம். (நியூட்ரினோ என்பது எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நுண்துகள்; பிளேசர் என்பது நடுக் கருந்துளையிலிருந்து கிளம்பும் பீச்சு நம்மை நோக்கியிருக்கும் விண்மீன் மண்டலம்.)

2017 செப்டம்பர் 22 அன்று தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் உணர்கருவியில் சிக்கியது ஒரே ஒரு நியூட்ரினோ. அது வந்த திசையில், சுமார் 400 கோடி ஒளியாண்டு தள்ளி, டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசர் அந்தச் சமயம் பார்த்துக் காமா கதிரில் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டும் தற்செயலாக ஒத்துப்போயிருக்க வாய்ப்பு குறைவுதான், ஆனால் கிடைத்தது மூன்று சிக்மா (தற்செயல் அல்ல என்ற உறுதியின் அளவு). இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து கேட்பார்கள். அப்புறம், பழைய பதிவுகளைப் புரட்டியபோது 2014-15ல் அதே திசையிலிருந்து ஒரு டஜன் நியூட்ரினோ கூடுதலாக வந்தது தெரிந்தது, ஆனால் அப்போது காமா கதிரில் அந்தப் பிளேசர் சும்மா கிடந்தது! அந்த முரண்பாட்டையும் சொல்ல வேண்டும்.

'எல்லாமே' என்பதுதான் பெரிய தப்பு. ஃபெர்மி என்ற காமா கதிர் விண்வெளித் தொலைநோக்கி பட்டியலிட்ட பிளேசர்களை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தாலும் ஐஸ்கியூப் காணும் நியூட்ரினோ வெள்ளத்தில் அவற்றின் பங்கு கால்வாசிக்கு மேல் பெரிதாகப் போகாது என்று ஐஸ்கியூப் குழுவே கணக்குப் போட்டிருக்கிறது. 2022ல் இன்னும் வலுவாக, 4.2 சிக்மாவில், மாட்டியது என்ஜிசி 1068 என்ற விண்மீன் மண்டலம். அது பிளேசரே இல்லை. நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றி அவ்வளவு அடர்த்தி, காமா கதிர் உள்ளேயே மடிந்துவிடுகிறது, நியூட்ரினோ மட்டும் நழுவி வருகிறது என்று நினைக்கிறார்கள். 2023ல் நம் பால்வீதியின் தட்டுத் தளத்திலிருந்தும் நியூட்ரினோ வருவது தெரிந்தது.

மத்தியதரைக் கடலடியில் கேஎம்3நெட் உணர்கருவி பிடித்த, 220 பெட்டா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரினோவுக்கு இன்னும் முகவரியே கிடைக்கவில்லை.