ஓலையைத் திருப்பிப் பாருங்கள், அப்புறம் மருந்தைப் பற்றிப் பேசலாம்

போன வாரம் பக்கத்துத் தோப்பு அண்ணன் எங்கள் வேலியோரம் வந்து நின்றார். அவர் தோப்பில் மருந்தடிக்கிற வண்டி வந்திருந்தது. தண்ணீர் டேங்க், நீள ஹோஸ், இரண்டு ஆட்கள், எல்லாம் தயார். "ஏனுங் தம்பி, உங்க தோப்புலயும் ஓலையெல்லாம் வெள்ளை படிஞ்சு கெடக்குது. வண்டி வந்ததோட உங்களுதுக்கும் அடிச்சுப் போடலாமுங்களா?" என்றார். அக்கறையில் கேட்டதுதான். "ஒரு பத்து நிமிசம் பொறுங்ணா" என்று சொல்லிவிட்டு, தாழ்ந்து தொங்கிய மட்டையில் ஒரு கீற்றை அறுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, லென்ஸை அவர் கையில் கொடுத்தேன்.

வெள்ளை மெழுகுக்குள் ஒட்டிக் கிடந்த வெள்ளை ஈக் குஞ்சுகளில் பாதிக்கு மேல் கறுப்பாக இருந்தன. சிலவற்றின் முதுகில் குண்டூசியால் குத்தியதுபோல் வட்டமாக ஒரு ஓட்டை. "இதென்ன, செத்துப் போச்சுங்களா?" என்றார். செத்ததுதான். ஆனால் மருந்தால் இல்லை. இந்த மரங்களுக்கு நான் மருந்தடித்து ஆண்டுகள் ஆகின்றன.

அவரிடம் வேலியோரத்தில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆனைமலை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானதே எங்கள் பொள்ளாச்சி வட்டாரத்தில்தான், 2016-இல். அதன் பூர்வீகம் மத்திய அமெரிக்கா. பெலிஸ் நாட்டில் சேகரித்த பூச்சிகளை வைத்து 2004-இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். 2009-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தெரிந்தது. ஏழு வருடத்தில் நம் தோப்புக்கு வந்துவிட்டது. தாய் ஈ ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டை வைத்து, மேலே மெழுகைப் பூசிவிடும். குஞ்சுகள் சாற்றை உறிஞ்சி, தேன் மாதிரி ஒரு பிசுபிசுப்பைக் கழிக்கும். அது கீழ்மட்டைகள் மேலும், ஊடுபயிராக நிற்கிற வாழை, கோகோ, ஜாதிக்காய் இலைகள் மேலும் சொட்டும். அந்தப் பிசுக்கில் கரும்பூஞ்சை வளரும். தோப்பே அடுப்புக்கரி பூசியதுபோல ஆகிவிடும்.

அந்தக் கறுப்பைப் பார்க்கிறபோது வயிறு கலங்கும். எனக்கும் கலங்கியது. 2017 கோடையில் அப்பாவும் நானும் மருந்துக் கடைக்குப் போனோம். கடையில் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார்கள். அடித்தோம். பத்து நாள் ஓலை சுத்தமாக இருந்தது. ஒரு மாதத்தில் முன்பைவிட அதிகமாக வந்தது. வேறு மருந்து கொடுத்தார்கள், அதையும் அடித்தோம். அந்த வருடம் காய் விற்ற பணத்தில் பெரும்பகுதி டேங்கில் கரைந்தது. அப்பா மருந்து நெடியில் இரண்டு நாள் தலைவலியோடு படுத்திருந்தார். ஈ மட்டும் குறையவே இல்லை.

ஏன் குறையவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. பூச்சி இருப்பது ஓலைக்கு அடியில், மெழுகுக்குள். மரம் நாற்பது ஐம்பது அடி. கீழே நின்று பீய்ச்சினால் பாதி மருந்து நம் தலையிலேயே விழுகிறது. ட்ரோனில் மேலிருந்து தெளித்தால் ஓலையின் மேல்பக்கம்தான் நனைகிறது. தப்பித்த ஈக்கள் மறுபடி பெருகுவதற்குக் கொஞ்ச நாள் போதும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மருந்து கொன்றதில் முக்கியமானது வெள்ளை ஈ இல்லை, அதைத் தின்னுகிற குளவி. அதுதான் உண்மையான நஷ்டம்.

என்கார்சியா என்று பெயர். குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். இது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மனிதரைக் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையை வைக்கும். முட்டை பொரிந்து, புழு உள்ளிருந்தே குஞ்சைத் தின்னும். குஞ்சின் தோல் கறுத்துப்போகும். கடைசியில் முதுகில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். நன்றாக இருக்கிற குஞ்சிலிருந்து ஈ வெளிவந்தால் தோல் ஆங்கில 'T' எழுத்துப் போலக் கிழிந்திருக்கும். வட்ட ஓட்டை என்றால் குளவி, கிழிசல் என்றால் ஈ. எண்ணிப் பார்த்தால் உங்கள் தோப்பில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். இந்தக் குளவியை யாரும் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து இங்கே விடவில்லை. ஈ பரவிய தோப்புகளில் அது தானாகவே இருப்பதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். நாம் செய்ய வேண்டியிருந்தது அதைக் கொல்லாமல் இருப்பது மட்டும்தான். அதைத்தான் நாங்கள் செய்யவில்லை.

இதைப் படிக்கிற சிலருக்குச் சந்தேகம் வரும். ஏதோ இயற்கை விவசாயப் பிரச்சாரம் என்று தோன்றும். அப்படி இல்லை. இந்த வழிக்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது.

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தெரிந்தது நினைவிருக்கிறதா? பப்பாளி, மரவள்ளி, பருத்தி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மரமெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக நின்றது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் நிலைமைதான் மிக மோசம். மல்பெரிக்கு மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் புழு செத்துவிடும், அடிக்காவிட்டால் போட இலையே இருக்காது. எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா உடுமலைப் பக்கம் இரண்டு ஏக்கர் மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டார். பிடுங்கிய அன்று சாயங்காலம் அத்தை வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

2010-இல் பெங்களூரில் இருக்கிற மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தது. நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றைப் பெருக்கி ஊர் ஊராக விட்டார்கள். அதில் அசெரோஃபாகஸ் என்ற குளவி நன்றாக நிலைத்துவிட்டது. பிறகு மாவுப்பூச்சி அடங்கிப்போனது. இன்றைக்குப் பப்பாளி மாவுப்பூச்சி என்று யாராவது பயப்படுகிறார்களா? அதை அடக்கியது எந்தக் கம்பெனி மருந்தும் இல்லை. ஆனால் நல்லபடியாக முடிந்த கதையை யாரும் திரும்பப் பேசுவதில்லை. மாமாவுக்கே அதை அடக்கியது ஒரு குளவி என்று நான் சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு போடுகிறவர்களுக்கு இது நேற்று நடந்ததுபோல இருக்கும். 2020-இல் கேரளாவில் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது, அடுத்து நம் பக்கம் வந்தது. செடியின் நுனி சுருண்டு, கணு இடைவெளி குறுகி, உச்சி இலையெல்லாம் கொத்தாக நின்றுவிடும். கிழங்கு இறங்காது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே கோடிக்கணக்கான மக்களின் சாப்பாட்டில் கை வைத்தது. அங்கே மரவள்ளி என்றால் நமக்குச் சோறு மாதிரி. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானியின் குழு, பூச்சியின் பூர்வீகமான தென்னமெரிக்காவிலேயே அதன் எதிரியைத் தேடியது. பராகுவேயில் ஒரு குளவி கிடைத்தது. அதைப் பெருக்கி, நாடு நாடாக, விமானத்திலிருந்துகூட விட்டார்கள். அதற்காக ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே குளவி, அனாகைரஸ் லோபஸி, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் இந்தியாவுக்கு வந்தது. 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தால் அது இன்னொரு பார்த்தீனியமாக ஆகாதா என்று ஒரு தம்பி முன்பொரு பதிவில் கேட்டிருந்தார். நியாயமான பயம். ஆஸ்திரேலியாவில் 1935-இல் கரும்பு வண்டைத் தின்னும் என்று ஒரு தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்றது, இன்றுவரை அவர்கள் படுகிறார்கள். ஆனால் தேரை வாயில் அகப்பட்டதையெல்லாம் விழுங்குகிற ஜென்மம். இந்தக் குளவிகளின் புழு ஒரு குறிப்பிட்ட பூச்சிக்குள், அதிகம் போனால் அதன் நெருங்கிய சொந்தங்களுக்குள் மட்டும்தான் வளர முடியும். அந்தப் பூச்சி குறைந்தால் குளவியும் தானாகக் குறையும். கொண்டுவந்ததும் நேராகக் காட்டில் விடுவதும் இல்லை. பூட்டிய ஆய்வகத்தில் வைத்து, நம் ஊர்த் தேனீ, பட்டுப்புழு போன்றவற்றைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அனுமதி. நம் பாட்டன் காலத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. தென்னிந்தியாவில் நிலத்தையெல்லாம் பிடித்துக்கொண்ட சப்பாத்திக் கள்ளியை அடக்கியதும் 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு செதில் பூச்சிதான்.

சரி, எல்லாவற்றுக்கும் காத்திருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு யாரும் மரத்தை இழக்கக் கூடாது. சிவப்புக் கூன்வண்டு குருத்துக்குள் போய்விட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. காண்டாமிருக வண்டுக்கு எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும், கம்பியால் வண்டைக் குத்தி எடுக்க வேண்டும். வேர்வாடல் நோய் முற்றிய மரத்தை வைத்துக்கொண்டு அழுவதைவிட வெட்டிவிடுவது பக்கத்து மரத்துக்கு நல்லது. வெள்ளை ஈயிலேயே இப்போது கூடு கட்டுகிற வகை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அதனிடம் என்கார்சியா இந்த அளவு வேலை செய்வதில்லை. எந்தப் பூச்சி என்று தெரிந்த பிறகுதான் எந்த முடிவும். நான் கேட்பது அந்த ஒன்றைத்தான்: முதலில் ஓலையைத் திருப்பிப் பாருங்கள்.

நான் எங்கள் தோப்பில் செய்கிறதைச் சொல்கிறேன். ஈ வந்து ஒட்டிக்கொள்ள மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி, ஆறடி உயரத்தில் ஏக்கருக்கு எட்டு கட்டியிருக்கிறேன். கரும்பூஞ்சை ரொம்பப் படிந்த கன்றுகளுக்கும் ஊடுபயிருக்கும் லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் காய்ச்சிக் கஞ்சியாக்கித் தெளிக்கிறேன். வெயிலில் காய்ந்து, கறுப்பு செதில் செதிலாக உரிந்து விழுகிறது. கைக்கு எட்டுகிற ஓலைகளில் அடிப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சுவதும் உண்டு. கோடையில் ஈ ஏறும், ஆனி ஆடி மழையில் இறங்கும், அதைப் பார்த்துப் பதற்றப்படுவதில்லை. கரும்பூஞ்சையால் தென்னை சாவதில்லை. தண்ணீரும் தொழு உரமும் சரியாகக் கிடைக்கிற மரம் தாங்கிக்கொள்கிறது. நாங்கள் மருந்தை நிறுத்திய முதல் நான்கு மாதம் ஓலை கறுப்பாகவே கிடந்தது. தினமும் சாயங்காலம் அப்பா மேலே பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். ஐந்தாவது மாதம்தான் கறுத்த குஞ்சுகள் கண்ணில் பட ஆரம்பித்தன. அந்த நான்கு மாதத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். அதைத் தனியாகத் தாண்டச் சொல்லி விவசாயியை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு இருக்கிற கோபம்.

ஓலை கறுத்த அன்று ஒரு விவசாயி முதலில் போய் நிற்கிற இடம் மருந்துக் கடை. அங்கே கிடைப்பது மருந்து, வேறென்ன கிடைக்கும்? குளவி இருக்கிறது, பொறுங்கள் என்று சொல்ல அவர் தோப்புக்கு யாராவது வந்தார்களா? மானியத்தில் ஸ்பிரேயர் கொடுக்கிறோம், ட்ரோன் கொடுக்கிறோம். நகைக்கடையில் கல் பார்க்கிற மாதிரி ஒரு லென்ஸை ஊருக்குப் பத்துப் பேர் கையில் கொடுத்து, கறுத்த குஞ்சு எது, வட்ட ஓட்டை எது என்று ஒரு மணி நேரம் காட்டினால் என்ன? ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இதையெல்லாம் தெளிவாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல் தோப்புவரை வந்து சேர வேண்டும். பூச்சி ஆய்வுக்குப் போகிற பணத்தை யாராவது வீண் செலவு என்று பேசினால் எனக்கு அத்தை வாசலில் அழுத சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது. பெங்களூரில் அந்த ஆய்வகம் இல்லாவிட்டால் எத்தனை வாசலில் அழுதிருப்பார்கள்.

பக்கத்துத் தோப்பு அண்ணன் அன்றைக்கு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆட்கூலி மட்டும் கொடுத்தார். மறுநாள் காலையில் அவரே நாலைந்து கீற்றை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, "இது கறுப்புங்களா, வெறும் அழுக்குங்களா, பாருங்க" என்றார். மூன்றில் குளவி இருந்தது, இரண்டில் இல்லை. இல்லாத மரங்களில் எங்கள் தோப்பின் கீற்றுத் துண்டுகளை இப்போது கட்டி வைத்திருக்கிறோம்.

ஆனைமலைச் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது குளவி இருக்கிற கீற்று வேண்டுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து வெட்டிக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஏற்கெனவே வெள்ளை ஈ இருக்கிற தோப்புக்கு மட்டும் எடுத்துப் போங்கள். ஈ இல்லாத தோப்புக்கு வேண்டாம், கீற்றோடு ஈயும் சேர்ந்து போய்விடும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மாதமாவது அந்த மரங்களுக்கு மருந்து அடிக்காமல் இருக்க வேண்டும். வரும்போது லென்ஸ் இருந்தால் கொண்டு வாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.