கணக்கப்பிள்ளையின் மடித்த முனைகள்

நேற்று இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் நாகர்கோவில் வடசேரியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். இறுதியாண்டு புராஜெக்ட், மருத்துவமனை மேலாண்மை மென்பொருள். நிரல் எழுதியாகிவிட்டது, திரைகள் எல்லாம் ஓடுகின்றன. "அறிக்கையில் சேர்க்கத் தரவு ஓட்டப் படம் மட்டும் வேண்டும், வரைந்து தருவீர்களா சார்?" என்று கேட்டார்கள். தகவல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று காட்டும் படம் அது; நிரல் எழுதுவதற்கு முன்பே வரைய வேண்டியது. பால் காய்ச்சிக் குடிபுகுந்த பிறகு பிளான் வரைய ஆள் தேடுகிற கதை. எந்த மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திட்டி அனுப்பிவிட்டேன். மத்தியானம் சோற்றில் கை வைத்தபோதுதான் உறுத்தியது. அந்தப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகச் செய்ததை நான் காசு வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் கடைக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் ஷீட்டும் (ரப்பர் பாலை உறைய வைத்துக் காயவைத்த தகடு) ஒட்டுப்பாலும் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பால்) கொண்டுவந்து போடும் கடை. முதலாளி என் அலுவலகத்துக்கே வந்து தேவையைச் சொன்னார். "எடை, தரம், விலை, தொகை. இதில் வேறென்ன இருக்கிறது?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோட்டயத்திலிருந்து ரப்பர் வாரியம் விலை வெளியிடுகிறது. அதைப் பார்த்துக் கடைக்காரர் தன் செலவையும் லாபத்தையும் கழித்து ஒரு விலை வைப்பார். எடையால் பெருக்கினால் தொகை. மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மீதிப் பணம் வாங்கப் போனால், கணினிக்குத் துண்டு போர்த்தியிருந்தது. கணக்கப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பழைய ஆள், மாற மாட்டார் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். உடனே கிளம்பியிருப்பேன், மழை பிடித்துக்கொண்டது. நம் குமரி மாவட்டத்தில்தான் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை ஆயிற்றே. மரத்தில் பால் வெட்டும் இல்லை, சரக்கும் வரவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தேன்.

சில பக்கங்களின் முனை மடிந்திருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"விலை வைக்காத ஆட்கள், மக்களே" என்றார்.

ஷீட்டைக் கொண்டுவந்து எடை போட்டு இறக்கிவிடுவார்களாம். விலையை அன்றைக்கு முடிக்க மாட்டார்கள். ஏறும் என்று காத்திருப்பார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் வந்து, "இன்றைய விலைக்கு முடித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அன்றும் பணத்தை முழுதாக வாங்குவதில்லை; பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளில் வந்து வாங்குவார்கள். நடுவில் வாங்கிய முன்பணம் அதில் கழியும். எடை ஒரு நாள், விலை ஒரு நாள், பணம் ஒரு நாள். என் மென்பொருளிலோ மூன்றும் ஒரே வரியில், ஒரே தேதியில் இருந்தன. விலைக் கட்டத்தை நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி பூட்டு வேறு போட்டிருந்தேன். அந்தப் பூட்டைத்தான் முதலாளியிடம் பெருமையாகக் காட்டி, "தவறே நடக்காது" என்று சொல்லியிருந்தேன். கணக்கப்பிள்ளை முதல் வாரம் முயன்று பார்த்திருக்கிறார். விலை முடியாதவர்களுக்கு ஒரு ரூபாய் என்று போட்டுச் சேமித்திருக்கிறார். மாதக் கடைசியில் கணக்கு எப்படி வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விலை முடிந்ததும் முனையை நிமிர்த்திவிடுவார். பாதிச் சரக்குக்கு மட்டும் முடித்தவருக்குச் சின்ன மடிப்பு. ஒன்று எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறுகிறது என்று பாடப்புத்தகத்தில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு நிலைமாற்றப் படம் என்று கற்றுத் தருகிறார்களே, அதை அவர் காகிதத்தின் மூலையிலேயே வைத்திருந்தார்.

பெயர் விவகாரம் இன்னும் மோசம். எங்கிருந்தோ எடுத்த மாதிரிப் படிவத்தை வைத்து 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் போட்டிருந்தேன். இந்த ஊரில் யாருக்கையா கடைசிப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தை அதில் போட்டார்கள். ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, அடுத்தடுத்த தெரு என்று மூன்று பேர் வந்தார்கள். நான் கொடுத்த ஐந்து இலக்க எண் யாருக்கும் நினைவில்லை. நோட்டிலோ மேலவிளை, பாலத்தடி, கண்ணாடிக்காரர் என்று தெளிவாக இருந்தது. ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்த எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்தைப் பற்றி 1970இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் சாவியைப் பற்றிச் சொல்கிறார். அந்தக் கடையில் சாவி தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. வீட்டுப் பெயர். நான்தான் கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்தபோது நான் முறைகள் தெரியாத ஆள் இல்லை. அதுதான் வெட்கம். ஒரு படி முடிந்த பிறகே அடுத்த படிக்கு இறங்கும் அருவி முறையா, சின்னச் சின்னதாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் அஜைலா என்று மணிக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அருவி முறையின் பிதாமகர் என்று எல்லோரும் காட்டும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பிற்பாடு எடுத்துப் படித்தால், படிப்படியாக இறங்கும் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, இதை இப்படியே செய்தால் ஆபத்து என்று அவரே எழுதியிருக்கிறார். இரண்டு தடவை செய்யுங்கள், வாடிக்கையாளரை உள்ளே கொண்டுவாருங்கள் என்கிறார். 'அருவி' என்ற சொல்லே அந்தக் கட்டுரையில் இல்லை. படத்தை மட்டும் உருவிக்கொண்டு, அதற்குக் கீழே இருந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். நம் கல்லூரிகளில் இன்றும் அந்தப் படம்தான் கரும்பலகையில் வருகிறது.

அஜைலின் கதை வேறு மாதிரி. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி எழுதிய சின்ன அறிக்கை. அதன் சாரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சின்னச் சின்னதாகச் செய்து, காட்டித் திருத்துவது நல்ல பழக்கம். ஆனால் மொத்தம் இரண்டே பேர் வேலை செய்யும் நாகர்கோவில் அலுவலகத்தில், அஜைல்காரர்களின் வழக்கம் என்று தினமும் காலை பத்து மணிக்கு எதிரெதிரே நின்றுகொண்டு கூட்டம் நடத்திய ஆள் நான். உதவியாளன் பாவம், நேற்று என்ன செய்தேன் என்று எனக்கு ஒப்புவிப்பான். நேற்று முழுக்க அவன் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

என் கருத்து இவ்வளவுதான். எந்த முறையை எடுத்தாலும் 'வாடிக்கையாளர்' என்று ஒரு சொல் வருகிறது. அந்த இடத்தில் நாம் முதலாளியை உட்கார வைத்துவிடுகிறோம். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், நோட்டு எழுதுகிறவர் வேறொருவர். முதலாளிக்குத் தொழில் தெரியும். ஆனால் மடித்த முனை தெரியாது. கேட்டால், "அதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்பார். அந்த 'அதையெல்லாம்'தான் தகவல் முறைமை.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதை வெகு முன்பே கண்டுகொண்டார்கள். 1981இல் அங்கே தொடங்கிய யுடோப்பியா என்ற திட்டத்தில், செய்தித்தாள் அச்சகத் தொழிலாளர்களை உட்கார வைத்து அவர்களுக்கு வரப்போகும் கணினிகளை வடிவமைத்தார்கள். கணினி இன்னும் வரவில்லை. அதனால் அட்டையும் காகிதமும் வைத்துப் போலிக் கணினி செய்தார்கள். வெறும் அட்டைப் பெட்டியில் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதி வைத்துவிட்டு, அதில் அச்சு எடுப்பதுபோல வேலை செய்து பார்த்தார்கள். அட்டைப் பெட்டியைத் தப்பு சொல்ல யாருக்கும் பயம் இருக்காது. நான் இதைப் படித்த பிறகு, அந்த ரப்பர் கடைக்கு மென்பொருளை இரண்டாவது தடவை எழுதப் போனபோது மடிக்கணினியை எடுத்துப் போகவில்லை. பழைய தினக்காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு திரையாக வரைந்து கொண்டுபோனேன். கணக்கப்பிள்ளை விரலால் 'அழுத்துவார்', நான் அடுத்த தாளை எடுத்து வைப்பேன். முதல் அரை மணி நேரத்தில் எட்டுத் தாள்களைக் கிழித்துப் போட்டோம். செலவு என்று பார்த்தால் இரண்டு டீ.

கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள், குறிப்பாக இந்தச் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு. 1980களில், மென்பொருள் செய்யவே உதவும் மென்பொருள்களாக, கேஸ் (CASE) கருவிகள் என்று ஓர் அலை வந்தது. படம் வரைந்தால் நிரல் தானாக வரும் என்றார்கள். 1986இல் கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ், மென்பொருளில் கருவிகளால் தீர்கிற சிரமம் ஒன்று, தொழிலின் உள்ளேயே இருக்கிற சிக்கல் வேறொன்று என்று பிரித்துக் காட்டினார். எந்த ஒற்றைக் கருவியும் பத்து ஆண்டுகளுக்குள் பத்து மடங்கு பலன் தராது என்றார். நான் செயற்கை நுண்ணறிவை தினமும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே எழுதுகிறது. அன்று மூன்று வாரத்தில் எழுதிய தவறான மென்பொருளை இன்று அரை நாளில் எழுதிவிடுவேன்.

ரப்பர் கடையில் தவறினால் பணம் போகும். தவறினால் வேறென்னவெல்லாம் போகும் என்பதை நாம் 2017 நவம்பர் 30க்குப் பிறகு பார்த்தோம். ஒக்கிப் புயலில் யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, அரசு சொன்ன எண்ணிக்கையும் கடற்கரை ஊர்கள் சொன்ன எண்ணிக்கையும் பல நாள் ஒத்துப்போகவில்லை. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் கொச்சியிலிருந்து கிளம்பி வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். படகு பதிவான இடம் ஒன்று, புறப்பட்ட துறைமுகம் வேறு, பயணத்துக்குப் பயணம் ஆள் மாறும். 'படகு, உரிமையாளர், முகவரி' என்று மூன்று கட்டம் போட்ட எந்தப் பட்டியலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. யார் எந்தப் படகில் எந்த நாளில் போனார் என்பதை வீட்டுப் பெண்கள் அறிந்திருந்தார்கள், ஊர்ப் பங்குத் தேவாலயங்களில் பெயர் பெயராக எழுதினார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கான செயலி என்று யார் பேச வந்தாலும், அந்தப் பெண்களில் எத்தனை பேரிடம் உட்கார்ந்து கேட்டீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ரப்பர் கடையில் இரண்டாவது மென்பொருள் இன்னும் ஓடுகிறது. விலை முடியாத வரிகளின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் தெரியும்; கணக்கப்பிள்ளை அதையும் 'மடிப்பு' என்றுதான் சொல்கிறார். போன மாதம் போயிருந்தபோது நீள நோட்டு மேசையில் கிடந்தது, முன்பைவிட மெலிந்து. இதில் இன்னும் என்ன எழுதுகிறீர்கள், அதையும் சேர்த்துவிடலாமே என்று கேட்டேன். பால் வெட்டும் ஓர் ஆள் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கைமாற்று, ஒரு விவசாயி அண்ணனுக்குத் தெரியாமல் போட்டுவைத்த சரக்கு, இப்படிச் சில.

"இது கம்ப்யூட்டருக்கு வேண்டாம், மக்களே" என்று சொல்லி நோட்டை மூடி மேசை இழுப்பறைக்குள் வைத்தார். நான் வற்புறுத்தவில்லை.