சாய்வுக்கு வால்வு ராடைத் திருகாதீங்க

"ஏர் சஸ்பென்ஷன் ட்ரெய்லர் ஒரு பக்கம் சாயுதுன்னா லெவலிங் வால்வு (உயரத்துக்குத் தக்கபடி காத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு) ராடை கொஞ்சம் ஏத்தி வெச்சா நேராயிடும்"னு மேல ஒரு அண்ணே சொல்லியிருக்காரு, அது தப்புண்ணே. பெரும்பாலான ட்ரெய்லர்ல ஒரே ஒரு வால்வுதான், அதுல இருந்துதான் ரெண்டு பக்க பேக்குக்கும் (ஸ்பிரிங் மாதிரி ஃப்ரேமைத் தாங்குற காத்துப் பை) காத்து போகுது, ராடைத் திருகினா ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் ஏறும், சாய்வு அப்படியே இருக்கும். சாய்வுக்கு லோடு ஒருபக்கமா ஏறியிருக்கா, புஷ் (மூட்டுல இருக்குற ரப்பர்) தேஞ்சிருக்கா, ஆக்ஸிலைப் புடிச்சிருக்குற ஆர்ம்ல விரிசல் இருக்கான்னுதான் பாக்கணும்.

ராடை அட்ஜஸ்ட் பண்றது உயரத்துக்கு மட்டும்தான். சமதரையில, சக்கரத்துக்குக் கட்டை போட்டு பார்க்கிங் பிரேக்கை ரிலீஸ் பண்ணிட்டு, ஆக்ஸில் சென்டர்ல இருந்து ஃப்ரேம் அடிப்பாகம் வரைக்கும் டேப் வெச்சு அளந்து, சஸ்பென்ஷன் தகட்டுல போட்டிருக்குற அளவோட ஒப்பிடுங்க. பிரேக் புடிச்சிருந்தா ஃப்ரேம் ஏறும்போது சக்கரம் லேசா உருள முடியாம அளவு பொய் சொல்லும், நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க.

பேக் ஏறவே இல்லன்னா முதல்ல டேங்க் பிரஷரைப் பாருங்க, பிரேக்குக்குப் போகத்தான் மிச்சம், பொதுவா 70 பிஎஸ்ஐ பக்கத்துல வந்தப்புறம்தான் பேக்குக்குக் காத்து விடுற ப்ரொடெக்ஷன் வால்வு தொறக்கும். அப்புறம் சோப்புத்தண்ணி தடவி எங்க காத்து கசியுதுன்னு பாருங்க. ஸ்டாண்டு கொடுக்காம மட்டும் அடியில படுக்காதீங்க, காத்து எறங்குனா ஃப்ரேம் உங்க மேலயே உக்காந்துடும்.