வெட்டாமல் வருகிறது, சரி. உங்கட ரீவி வெட்டாதா?

சாப்ளின், பஸ்டர் கீட்டன், லோரல் - ஹார்டி நடித்த இருபது நிமிட நகைச்சுவைக் குறும்படங்கள் புதுப்பிக்கப்பட்டு, வெட்டுக் கொத்து இல்லாமல் மறுபடி தொலைக்காட்சிக்கு வருகின்றன. "பழைய படம் இப்ப கிளியரா வருதாம்" என்று பலர் சொல்கிறார்கள். கிளியர் நல்லதுதான். ஆனால் கீறலையும் புள்ளியையும் விட இந்தப் படங்களை அதிகம் கெடுத்தவை கத்தரிக்கோலும் தப்பான வேகமும் தப்பான சட்டகமும். புதுப்பிப்பவர்கள் இந்த மூன்றையும் சரிசெய்து அனுப்பினாலும், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு வீட்டு ஹோலுக்கு வந்து சேருவதற்குள் மூன்றும் திரும்ப நடந்துவிடலாம். அதைத் தடுக்கிற வேலையில் பாதி நம்மட கையில்தான் இருக்கிறது.

முதலில் வெட்டு. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனிப்படம். ஒரு ரீல் என்பது 1000 அடி. செக்கனுக்கு 24 பிரேம் ஓடினால் ஒரு ரீல் 11 நிமிடம். குறும்படங்கள் பெரும்பாலும் இரண்டு ரீல், அதாவது ஏறக்குறைய 20 நிமிடம். 1932இல் வந்து, நகைச்சுவைக் குறும்படத்துக்கான முதல் ஒஸ்கார் விருதைப் பெற்ற லோரல் - ஹார்டியின் 'தி மியூசிக் பொக்ஸ்' மூன்று ரீல், 29 நிமிடம். அரை மணித்தியால இடத்தில் எட்டு நிமிடம் விளம்பரத்துக்குப் போனால் அந்தப் படத்தில் ஏழு நிமிடத்தை எங்கேயாவது வெட்டியாக வேண்டும். எதை வெட்டுவார்கள்? பியானோ படியில் உருண்டு விழுவதை ஒருவரும் வெட்டமாட்டார்கள். "ஒன்றும் நடக்காத" இடங்கள்தான் போகும். ஹார்டி நம்மைத் திரும்பிப் பார்க்கிற அந்தப் பார்வை, லோரல் தலையைச் சொறிந்துகொண்டு யோசிக்கிற நேரம், விழுந்தவர் எழும்பாமல் அப்படியே கிடக்கிற நாலு செக்கன்.

அந்த இடங்கள் சும்மா விட்டவை இல்லை. லோரல் - ஹார்டி படங்களை எடுத்த ஹால் ரோச் ஸ்டூடியோவில் படத்தை முதலில் ஒரு தியேட்டரில் போட்டுக் காட்டி, சனம் எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறது என்று பார்த்துத் திரும்ப வெட்டி ஒட்டினார்கள். ஸ்ரான் லோரல் படத்தொகுப்பு மேசை வரைக்கும் போய் இருந்த ஆள். ஆகவே அந்த மௌனம் ஒரு மண்டபத்தின் சிரிப்புக்கு அளந்து விட்ட இடம். தனியாக வீட்டில் இருந்து பார்க்கிறவருக்கு அது நீளமாகத் தெரியலாம். வெட்டினால் அடுத்த அடி விழுகிற நேரமே பிசகிவிடும். தாளம் தீர முன்னம் மத்தளத்தை நிறுத்தினால் வரவு ஆட்டம் என்னவாகும் என்று, விடிய விடியக் கூத்துப் பார்த்த நம்மட சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'மியூசிக் பொக்ஸ்' இலேயே பாருங்கள். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் சில்வர் லேக் பகுதியில் இன்றைக்கும் இருக்கிற 133 படிகளில் பியானோவை ஏற்றுகிறார்கள். அது நழுவுகிறது, திரும்ப ஏற்றுகிறார்கள். உச்சிக்குப் போன பிறகு தபால்காரர், சுற்றுப் பாதையால் வண்டியிலேயே வந்திருக்கலாமே என்கிறார். உடனே இருவரும் பியானோவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குகிறார்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதற்கு! ஏறிய பாடு முழுவதையும் நாமும் பட்டிருந்தால்தான் அந்த இறக்கம் வயிற்றைப் பிடிக்க வைக்கும். ஏறுவதில் மூன்று நிமிடத்தைக் கழித்துவிட்டால் தபால்காரர் சொல்வது வெறும் தகவல்.

1929இல் வந்த 'பிக் பிஸ்னஸ்' இன்னும் பாவம். லோரலும் ஹார்டியும் ஒரு வீட்டுக்காரரின் கதவை உடைக்க அவர் பொறுமையாக நின்று பார்ப்பார். அவர் இவர்களின் காரை உடைக்க இவர்கள் கை கட்டி நின்று பார்ப்பார்கள். முறை வைத்து உடைப்பதுதான் படமே. காத்து நிற்பதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் அடிதடி. நம்மட மொழியில் சொல்வதென்றால், 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் கதை சொல்கிற காட்சியில் பாலையாவின் முகத்தை வெட்டிவிட்டுப் பாருங்கள், என்ன மிஞ்சும்? நம்மட சனல்கள் நகைச்சுவைத் துண்டுகளை மட்டும் எடுத்து, இடையில் "டொய்ங்" சத்தமும் போட்டு ஓட்டுகிற பழக்கமும் இதே கொடுமைதான்.

அடுத்தது வேகம். மௌனப்படக் கமராவைக் கையால் சுற்றினார்கள். 1916 - 17 காலத்துப் படங்களுக்குச் செக்கனுக்கு 16 முதல் 20 பிரேம் வரை சாதாரணம். துரத்தல் காட்சிக்கு வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்கள், திரையில் வேகமாகத் தெரிவதற்கு. நம்மட நாட்டு ஒளிபரப்போ செக்கனுக்கு 25 பிரேம். 18 பிரேமில் ஓட வேண்டியதை அப்படியே 25இல் ஓட்டினால் 20 நிமிடப் படம் பதினாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். "அந்தக் காலத்து ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள்" என்று மூன்று தலைமுறை நம்பியது இதனால்தான். ஒளிபரப்பில் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதியாகப் போகும். சரியான முறை, செக்கனுக்கு 50 அரைப்பிரேம்களாகப் பிரித்து அளவாகப் பங்கிடுவது. 20 பிரேம் படத்துக்கு இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று அரைப்பிரேம் போனால் வேகம் சரியாக நிற்கும். பேசும்படத்திலும் சின்னக் கோளாறு உண்டு. 24ஐ 25இல் ஓட்டும்போது நேரம் 4 வீதம் குறையும், சத்தத்தைத் திருத்தாவிட்டால் குரல் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். இது பெரிய பாதகமில்லை.

சட்டகத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம் அதிகம். இந்தப் படங்கள் நாலுக்கு மூன்று. உங்கட ரீவி பதினாறுக்கு ஒன்பது. திரையை நிரப்ப சூம் பண்ணினால் படத்தின் உயரத்தில் கால்வாசி போய்விடும். சாப்ளின் தன்னைத் தலை முதல் பாதம் வரை காட்டுவதையே விரும்பியவர். மேலே தொப்பியும் கீழே சப்பாத்தும் ஒரே நேரத்தில் வெட்டுப்படும். 1916இல் வந்த 'தி ரிங்க்' அவர் சில்லுச் சப்பாத்தில் சறுக்குகிற படம். கால் தெரியாமல் அதில் என்னத்தைப் பார்ப்பது? கேபிள்காரர் திரைக்கு அடியில் ஓடவிடுகிற நகைக்கடை, ரியூஷன் விளம்பரப் பட்டியும் அதே காலைத்தான் மறைக்கிறது. வெட்டாமல் இழுத்து நிரப்பினால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார்கள். லோரலும் ஹார்டி போலப் பருத்துவிட்டால் அந்தச் சோடிக்கு அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் கறுப்பு வரட்டும், அது குறையில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செட்டொப் பெட்டியிலும் ரீவியிலும் தனித்தனியாகப் பட அளவு செட்டிங் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும், ஒன்றைச் சரிசெய்து மற்றதை விட்டால் பலனில்லை. பெட்டியைப் பதினாறுக்கு ஒன்பதில் விட்டு, நாலுக்கு மூன்று படத்துக்குப் பக்கக் கறுப்பு வரும்படி வையுங்கள். ரீவியில் 'ஒரிஜினல்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்'. சரியா என்று பார்க்கப் படத்தில் ஒரு மணிக்கூடோ கார்ச் சில்லோ வரும்வரை பொறுங்கள். வட்டம் வட்டமாக இருந்தால் சரி. பிறகு, இல்லாத பிரேமைத் தானாக உண்டாக்குகிற வசதியை நிறுத்துங்கள். சம்சுங்கில் 'ஒட்டோ மோஷன் பிளஸ்', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சொனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இருக்கும். அது ஓடினால் வேகமாக அசைகிற கையைச் சுற்றிப் புகை போலக் கலங்கும். 'நொய்ஸ் ரிடக்ஷன்' வேண்டாம், 'ஷார்ப்னஸ்' மிகக் குறைவாக. நிறம் பூசிய பிரதி வந்தால் நிறத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோங்கள். மூலப் படத்தின் கறுப்பு வெள்ளை ஆழம் திரும்பாது, ஆனாலும் கண்ணுக்குக் குளிர்ச்சி.

புதுப்பித்தது என்று எழுதியிருந்தாலே நம்பிவிடவும் கூடாது. தூசி துடைக்கிற மென்பொருள் முன்பிரேமையும் பின்பிரேமையும் ஒப்பிட்டு, நடுவில் ஒரு பிரேமில் மட்டும் தெரிகிற வெள்ளைப் புள்ளியைத் தூசி என்று நினைத்து அழிக்கும். பறக்கிற கிறீம் துளி, தலையணை இறகு, தெறிக்கிற தண்ணீர் எல்லாம் அப்படித்தான் ஒரே பிரேமில் தோன்றி மறையும். ஆள் இருந்து ஷொட் ஷொட்டாகச் சரிபார்க்காவிட்டால் அடியின் பாதி காணாமல் போகும். 1927இல் வந்த 'தி பட்டில் ஒவ் த செஞ்சரி' யின் இரண்டாவது ரீல் 16 மி.மீ. பிரதியாக 2015இல்தான் கிடைத்தது, அதில் பெரும்பகுதி கிறீம் பை எறிகிற சண்டை. அப்படிக் கிடைத்ததில் துளியைத் துடைத்துவிட்டால் எவ்வளவு அநியாயம். முகம் மெழுகு பூசியதுபோல வழுவழுவென்று இருந்தால் படச்சுருளுக்கு இயல்பான பொடிமணிகளையும் (கிரெய்ன்) சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்று விளங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு வெட்டு பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1970களில், சிறுவர்கள் நடித்த 'லிட்டில் ராஸ்கல்ஸ்' போன்ற பழைய நகைச்சுவைப் படங்களில் கறுப்பின மக்களைக் கேலி செய்த இடங்களை வெட்டிப் போட்டார்கள். அந்தக் கேலி தப்புத்தான், மறுபேச்சில்லை. ஆனாலும் முன்னுக்கு ஓர் அறிவித்தல் போட்டு முழுதாகக் காட்டுவதே நேர்மை. அப்படிப்பட்டவற்றைச் சின்னப் பிள்ளைகளின் நேரத்தில் போடாமல் இரவுக்குத் தள்ளலாம்.

தமிழில் டப்பிங் பண்ணட்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. 1930களின் குறும்படங்களில் பேச்சும் இசையும் விழுகிற சத்தமும் ஒரே தடத்தில் கலந்திருக்கும். பேச்சை எடுத்தால் அதற்கு அடியில் ஓடுகிற லீராய் ஷீல்டின் இசையும், கதவு அடிபடுகிற சத்தமும் சேர்ந்து போகும். கீழே தமிழ் வரி போடுவதே நல்லது. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஆள் வாயைத் திறக்க முன்னம் பகிடியை எழுத்தில் உடைக்கவும் வேண்டாம்.

சனல்களில் நிகழ்ச்சி ஒழுங்கு பண்ணுகிறவர்களிடம் கேட்பது இதுதான். விளம்பரத்தை முன்னும் பின்னும் போடுங்கள். நடுவில் போட்டே ஆக வேண்டும் என்றால் பத்தாவது நிமிடமளவில், ரீல் மாறுகிற இடத்தில் போடுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து முடிவுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வெட்டாதீர்கள். 1920இல் வந்த கீட்டனின் 'வன் வீக்' படக் கடைசியில் வீடு தண்டவாளத்தில் மாட்டி நிற்கும். ரயில் வரும், பக்கத்துத் தண்டவாளத்தால் போய்விடும். அப்பாடா என்று மூச்சு விடுகிற அந்த நொடியில் எதிர்ப்பக்கத்தால் இன்னொரு ரயில். அந்த இரண்டு ரயிலுக்கும் இடையில் விளம்பரம் வந்தால் கீட்டன் கட்டிய எல்லாம் வீண். இடைவேளைக் குறி போடுகிறவர் படத்தை ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிட்டுப் போடட்டும், இருபது நிமிட வேலைதானே.