சுண்டைக்காய் கால் பணம், லாக்கிங் பிளேட் முக்கால் பணம்

கிராங்கையும் கேம்ஷாஃப்ட்டையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது, அவை நகராமல் பூட்டிவைக்கிற டூல் கிட் ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன் என்றதுமே பாதிப் பேருக்கு மீதிக் கதை தெரிந்திருக்கும். அதேதான். பூட்டவேண்டிய பிளேட்டே ஆடுகிறது.

என் இன்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட் இரண்டுக்கும் பின்முனையில் ஒரு வெட்டு இருக்கிறது, அதில் 5 மில்லிமீட்டர் பிளேட்டைச் செருகினால் இரண்டும் அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் பிளேட்டுக்கு வாழ்க்கையில் வேறு வேலையே கிடையாது. சுற்ற வேண்டாம், சூடு தாங்க வேண்டாம், சும்மா 5 மில்லிமீட்டராக இருந்தால் போதும். சும்மா இருப்பதற்குக்கூட அதற்கு வக்கில்லை! வெர்னியர் அளவுகோலில் பிடித்தால் 4.6. நான்தான் தப்பாகப் பிடித்தேனோ என்று மறுபடி அளந்து பார்த்தேன், 4.6. மறுமுனையில் 4.7. ஒரே பிளேட், இரண்டு தடிமன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் போல.

விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "கையால் அளந்தால் வித்தியாசம் வரத்தான் செய்யும் சார்" என்று பதில். பின்னே காலாலா அளப்பார்கள்? அப்புறம் "எல்லா இன்ஜினுக்கும் பொருந்தும் சார்" என்றார். ஆமாம், இவ்வளவு ஒல்லியாக இருந்தால் எதில்தான் நுழையாது? கடைசியில் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு மறை கழன்றது. ஏற்கெனவே போட்டிருக்கிற புண்ணியவான்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "சீக்கிரம் வந்து சேர்ந்தது, பெட்டி அழகு, இன்னும் பயன்படுத்தவில்லை." பயன்படுத்திவிட்டுச் சொல்லுங்களேன் ஐயா! அந்த ஆட்டத்தில் பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே இன்ஜின் முக்கி முனகும், இன்னும் தள்ளினால் பல இன்ஜின்களில் வால்வு நேராகப் போய் பிஸ்டனில் முட்டிக்கொள்ளும். பெட்டி அழகாக இருந்து என்ன செய்ய?

சரி, கம்பெனி டூலையே வாங்கலாம் என்று போனால், பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தாலும் அந்த இரும்புத் துண்டின் விலைக்குக் கிட்ட வரவில்லை. தங்கத்திலா வார்க்கிறார்கள்? அதையும் ஒருமுறை செருகி எடுத்தால் அடுத்த பெல்ட் வரைக்கும் அலமாரியில் தூங்கப்போகிறது.

இது இல்லாமலும் வேலை நடக்காதபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். சில இன்ஜின்களில் கிராங்க் புல்லி வழுக்காமல் தண்டோடு பிடித்துவைக்கும் கீ என்ற சின்னக் கட்டைகூடக் கிடையாது, போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் பிடிமானம், அதை லேசாகத் தளர்த்தினாலே டைமிங் போச்சு. போல்ட் தலையாவது ஒழுங்காக இருக்கிறதா? ஒன்று நட்சத்திரக் குழி போட்ட டார்க்ஸ், பக்கத்திலிருப்பது அதையே வெளிப்பக்கமாகத் திருப்பிய ஈ-டார்க்ஸ், உள்ளே தள்ளி ஒளிந்திருப்பதற்குப் பன்னிரண்டு மூலை. ஆறு மூலையில் என்ன குறை கண்டார்கள்? எல்லாம் வாங்கி முடித்தாலும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சில் இத்தனை நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் 90 டிகிரி திருப்பு என்பார்கள். அந்த 90 டிகிரியை அளக்கத் தனியாக ஒரு கேஜ். அதோடு அந்த போல்ட்டை மறுபடி போடக்கூடாதாம், இழுபட்டுவிடுமாம். என்னைப் போலவே.

இப்போது சிரிப்புத்தான் வருகிறது. டிரில் பிட் பெட்டியைக் கிளறி, கிராங்கை நகராமல் நிறுத்தச் செருகுகிற பின்னுக்கான துளையில் தண்டு சரியாக உட்காரும் பிட் ஒன்றைக் கண்டுபிடித்தேன். துளை போட வாங்கின சாமானுக்கு இருக்கிற அளவு சுத்தம், இன்ஜினுக்கென்றே செய்து கிட்டில் வந்த பின்னுக்கு இல்லை.

அதெல்லாம் போகட்டும். ஹெட்லைட் பல்ப் மாற்ற பம்பரையே கழற்ற வேண்டியபடி கார் செய்கிறார்களே, அந்த டிசைனரை யாருக்காவது தெரியுமா? தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும்.